ஞாயிற்றுக்கிழமைக் கயிறு

வலது கைக் கட்டைவிரலைத் தூக்கச் சொல்கிறாள், தூக்குகிறேன். விரல்களை விரிக்கச் சொல்கிறாள், விரிக்கிறேன். தன் இரண்டு விரலை என் உள்ளங்கைக்குள் வைத்து அழுத்தச் சொல்கிறாள், அழுத்துகிறேன், கொஞ்சம் கூடுதலாகவே அழுத்துகிறேன், அறுபத்தொரு வயதில் இந்தப் பிடி எத்தனை பேருக்கு இருக்கும். “போதுமுங் தோழர், ஒடைச்சுப் போடாதீங்க, நாளைக்கு நான் ஊசி கோக்கோணும்” என்கிறாள் பூவாத்தாள். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து செரித்தும் விட்டது, கீழே அவளுடைய தையல் கடையின் ஷட்டர் மூடியிருக்கிறது, மாடி அறைக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, நான் சட்டையில்லாமல் வேட்டியோடு கோரைப்பாயில் உட்கார்ந்திருக்கிறேன், பாய்க்குப் பக்கத்தில் வெள்ளைப் பருத்திக் கயிறு சுருள் சுருளாகக் கிடக்கிறது. பஞ்சாலைச் சங்கத்தின் முன்னாள் கிளைச் செயலாளர் தோழர் சென்னியப்பன், கேட் மீட்டிங்கில் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கப் பேசுகிற சென்னியப்பன், ஞாயிறு மதியம் தன்னைக் கயிற்றால் கட்டச் சொல்லித் தன் துணையிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்று தெரிந்தால் சிங்காநல்லூர் டீக்கடைகளில் ஒரு மாதம் பேச்சு ஓடும். ஓடட்டும். நாங்கள் தாலி இல்லாமல் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கியபோது பேசாததையா இனிமேல் பேசப்போகிறார்கள். என்னை விட்டுப் போன மனைவி போகும்போது, நீங்க சங்கத்தையே கட்டிக்கிட்டு அழுங்க என்றாள், அவள் சொன்னதில் தப்பில்லை, கட்டிக்கொண்டேன், அழுதேன். பூவாத்தாளின் புருஷன் செத்து வெகுநாள் ஆகிவிட்டது. அவள் கடைக்கு நான் மாநாட்டுக் கொடி தைக்கக் கொடுக்கப் போனேன், கொடிக்கு எதற்கு இத்தனை மடிப்பு, காத்துல படபடக்க வேண்டாமா என்று கேட்டாள், அங்கே தொடங்கியது. இப்போது அவள் என் மேல்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு விரலால் தட்டிக்கொண்டே வருகிறாள், தோளிலிருந்து முழங்கையை நோக்கி, சுவரில் ஆணி அடிக்க வெற்றிடம் தேடுகிறவள் மாதிரி. “இங்கெ?” ஒன்றுமில்லை. “இங்கெ?” ஒன்றுமில்லை. “இங்கெ?” சுரீரென்று ஒரு கரண்ட் கட்டைவிரலின் முதுகு வரை ஓடுகிறது. ஆமாம் அம்மணி, அங்கேதான். துணியில் கோடு போடுகிற நீலச் சாக்கை எடுத்து அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் கயிறு வரக்கூடாது. வலது கையில் அந்த இடம் நடுப்புஜத்துக்குக் கொஞ்சம் கீழே. இடது கையில் வேறு இடம், அரை விரற்கடை மேலே. ஒரே ஆள், ஒரே உடம்பு, இரண்டு கையும் ஒரே மாதிரி இல்லை. “யாருக்கும் ரெண்டு தோளும் ஒண்ணா இருக்காதுங்க, அதனாலதான் தைக்கறவ பொழைக்கறா” என்று சொல்லிச் சாக்கை ஊதுகிறாள்.

கோடு போட ஆரம்பித்தது இப்போதுதான். இதற்கு முன்னால் நான்தான் தலைமை. நான் படித்தது எட்டாவது, மிச்சமெல்லாம் துண்டுப் பிரசுரம், எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், மட்டக் காகிதம், மை கையில் ஒட்டும், ஆனால் அதில் இருந்தது என்னை நிமிர்த்தி நிற்க வைத்தது, உபரி மதிப்பு என்றால் என்ன என்று மேனேஜருக்கே பாடம் எடுத்தவன் நான். அதனால் அச்சில் வந்தது உண்மை என்று எனக்குள் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. கயிறு கட்டுவதற்கும் போனில் தேடி, படம் பிடித்து, பிரிண்ட் போட்டு, அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். ஒரு வாலிபன் படம், இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால், மேல்கையைச் சுற்றி இரண்டு சுற்று, எந்த இடத்தில் என்று அம்புக்குறி. பூவாத்தாள் பார்த்துவிட்டு, “இந்தப் பையனுக்கு அளவெடுத்த சட்டைய உங்களுக்கு மாட்டுனா நிக்குமா?” என்று கேட்டாள். அவன் புஜம் பார் எப்படித் திரண்டிருக்கிறது, என் புஜம் பார். அம்புக்குறி போட்ட இடத்தில் அவனுக்குச் சதை, எனக்குத் தோலுக்கு அடியில் நரம்பு. அது எனக்கு அப்போது தெரியவில்லை. நான் கொள்கை விளக்கம் கொடுத்தேன், நூலில் இருப்பதை மாற்றினால் குழப்பம் வரும் என்று. கட்டினாள். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரல் மரத்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இந்த மாதம் முழுவதும் யோசித்தாயிற்று, ஒரே இடத்துக்குத்தான் வந்து முட்டுகிறேன். எனக்குத் தாங்கத்தான் தெரியும். உண்ணாவிரதப் பந்தலில் தண்ணீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரியும். லாக்கப்பில் காலில் லத்தி உருட்டியபோது பல்லைக் கடித்துச் சத்தம் வராமல் இருந்தேன் என்று மறுநாள் கேட்டில் பேசிக்கொண்டார்கள், அதைக் கேட்டு நான் அடைந்த பெருமை இருக்கிறதே, இன்றைக்கும் அது உள்ளே வைக்கோல் மாதிரி உலர்ந்து கிடக்கிறது, ஒரு பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். கயிற்றிலும் தாங்கினேன். அவிழ்த்ததும் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது, கழுத்துத் திருகின கோழி மாதிரி. தூக்கினால் தூக்க வரவில்லை. டம்ளரைப் பிடிக்க இடது கையால் வலது கையை முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் கேட்டார், நாற்காலிக் கைப்பிடி மேல் கையைப் போட்டுத் தூங்கிவிட்டேன் என்றேன். குடித்துவிட்டா என்றார். குடிக்கிறவர்களுக்குத்தான் இப்படி வருமாம். சாராயக்கடை மறியலில் மண்டை உடைந்த என்னைப் பார்த்து. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன சொல்ல.

கை திரும்பி வந்துவிட்டது, மெதுவாக, முதலில் மணிக்கட்டு, அப்புறம் கட்டைவிரல், ஒரு காலையில் வேட்டி முடிச்சைத் தானே போட்டது. கை வந்தது, பூவாத்தாள் வரவில்லை. கயிற்றை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். கோபம் வந்தால் அவள் கத்த மாட்டாள், மிஷின் மட்டும் வேகமாக ஓடும், ஊசி துணியைக் குத்துகிற சத்தம் மாடி வரை கேட்கும். ஒரு நாள் மிஷினை நிறுத்திவிட்டுத்தான் பேசினாள். “உங்க உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்களா? தொட்டுப் பாக்கலாம், நெறம் பாக்கலாம், சூடு பாக்கலாம். மரத்துப் போனது எனக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும். நீங்க சொல்லாம உக்காந்திருந்தா, நான் யாரு? ஒரு மனுசன் கையக் கெடுத்தவ. அந்தப் போலீசுக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?” நான் வலது கையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். “இன்னொருக்கா நீங்க மறைச்சீங்கன்னு வெச்சுக்குங்க, இந்தக் கயித்துல துணி காயப் போடுவேன். ஆயுசுக்கும் அவ்வளவுதான்.” துணி காயப்போடுவது எனக்கு நஷ்டமில்லை என்று வெளியே சிரித்தேன். நஷ்டம் எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும். இந்த மண்டைக்குள் எப்போதும் ஒரு பொதுக்குழு நடந்துகொண்டிருக்கிறது, தீர்மானம், திருத்தம், எதிர்ப்பு, வெளிநடப்பு, தூக்கத்திலும் ஓயாது, பிளந்துபோன சங்கம், மூடிப்போன மில், சங்கத்தை விட்டுக் காண்ட்ராக்டராக மாறின தோழர் பாலப்பன், அவன் கையால் மாலை வாங்கின நான், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். கயிறு ஏறினால் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். இதை அவளிடம் சொன்னபோது, சாமி கும்பிடறவங்களுக்கு அது கோயில்ல கெடைக்குது, உங்களுக்கு நூல்கயித்துல கெடைக்குது, நடத்துங்க என்றாள். அவளுக்கும் இதில் ஒன்று கிடைக்கிறது, ஒரு பெரிய ஆளைக் கையில் எடுத்து மெல்ல மெல்ல அடக்கி மடித்து வைக்கிற சந்தோஷம், கட்டும்போது அவள் முகத்தில் அது தெரியும், உதட்டைக் கடித்துக்கொள்வாள், நெற்றியில் வேர்க்கும், அழகாக இருப்பாள். அந்த முகத்தையும் சேர்த்தல்லவா நான் இழக்க இருந்தேன். அதனால்தான் இன்றைக்குச் சாக், அதனால்தான் இன்றைக்குத் தட்டித் தட்டிப் பார்ப்பது, அதனால்தான் அவள் தையல் கத்தரியைத் தள்ளி வைத்துவிட்டு மெடிக்கலில் வாங்கின முனை மழுங்கின கட்டுத்துணிக் கத்தரியைக் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்திருப்பது. கோடுகள் போட்டாயிற்று. அக்குளில் குறுக்குக்கோடு, முழங்கையின் உள்பக்கம் சுண்டுவிரலுக்குக் கரண்ட் போகிற குழியில் ஒரு வட்டம், மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு வட்டம். கழுத்துக்குக் கோடே தேவையில்லை, கழுத்துப் பக்கம் கயிறு போகாது, அது எங்கள் சட்டம். “மாத்திரை போட்டீங்களா?” போட்டேன். “ஒண்ணுக்கு?” போய்விட்டு வந்தேன் அம்மணி, கட்டு. “ஒண்ணு சொல்லிப் போடறேன். நேத்து இருந்த உடம்பு இன்னைக்கு இருக்காது. இப்ப இருக்கறது இன்னுங் கொஞ்ச நேரத்துல இருக்காது. கோடு போட்டாச்சுன்னு நெனச்சுப் போட்டுத் தூங்கிப் போயராதீங்க.”

கயிறு மார்பின் மேலும் புஜங்களைச் சுற்றியும் வருகிறது, இரட்டையாக மடித்தது, பட்டையாக, முறுக்கில்லாமல். புதுக்கயிறு இல்லை, அவளே வெந்நீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, விளக்குத் தீயில் பிசிறு பொசுக்கி, கையால் தேய்த்துத் தேய்த்துப் பட்டுமாதிரி ஆக்கினது. ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் இரண்டு விரல் விட்டு ஓட்டிப் பார்க்கிறாள், விரல் போகிறதா, போகிறது, அடுத்தது. கைகள் பின்னால், ஆனால் அந்தப் படத்தில் இருந்தது மாதிரி உயரத்தில் இல்லை, இடுப்புக்குச் சமீபமாகத் தாழ்வாக, ஒரு முன்கை மேல் இன்னொரு முன்கை, நானாகக் கை கட்டிக்கொண்டு நடந்தால் எங்கே வருமோ அங்கே. இடது காறை எலும்பு லத்தி பட்டு உடைந்து கோணலாகக் கூடினது, அந்தத் தோள் பின்னால் அவ்வளவாகப் போகாது, அதற்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் கேட்கிறாள். ஒரு காலத்தில் ஒரு கயிறு என்னிடம் எதையும் கேட்கவில்லை. இடுப்பில் கட்டி, கையைச் சேர்த்து வரிந்து, கடைவீதி வழியாகக் கோர்ட்டுக்கு நடத்திக்கொண்டு போனார்கள், ஜீப் இருந்தது, வேண்டுமென்றே நடத்தினார்கள், கயிற்றின் மறுமுனையில் ஒரு போலீஸ்காரர், மாட்டைப் பிடிக்கிற மாதிரி. தேங்காய்நார்க் கயிறு, வேர்வை பட்டு எரிந்தது. துணிக்கடை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். மார்பை நிமிர்த்திக் கோஷம் போட்டுக்கொண்டே நடந்தேன். அன்றைக்கு நான் ஜெயித்தேனா? ஜெயித்ததாகத்தான் நோட்டீஸ் அடித்தோம். ராத்திரியில் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நோட்டீசில் வரவில்லை. இந்தக் கயிறு வேறு. வரும்போதே இடம் கேட்டுக்கொண்டு வருகிறது, வரட்டுமா, இங்கே இருக்கட்டுமா, மூச்சு விடுங்க பார்க்கலாம், நல்லா இழுத்து விடுங்க, மார்பு விரிகிறதா, விரிகிறது. மூன்றாவது சுற்றில் பாலப்பன் எழுந்து போனான். அடுத்த சுற்றில் மில் சங்கு நின்றது. காறை எலும்பு இன்னும் முனகுகிறது, கிழட்டுச் செயற்குழு உறுப்பினர் மாதிரி, அதற்கும் ஒரு நாற்காலி போட்டாயிற்று, முனகட்டும். கயிறு தன் கடைசி முடிச்சை முதுகுக்கு நடுவில், எலும்பின் மேல் இல்லாமல், சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்கிறது. “கட்டைவிரல்?” தூக்குகிறேன், இரண்டும். “சரீங்.” அவள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்து பார்க்கிறாள், தைத்து முடித்த உருப்படியைக் கொக்கியில் மாட்டித் தூரத்திலிருந்து பார்க்கிற பார்வை. “ராசாவாட்ட இருக்கறீங்க.” ராசாக்களை ஒழிக்கத்தானடி சங்கமே. “கட்டிப் போட்ட ராசாங்க, ஆபத்தில்லை.” சிரிப்பில் மார்பு விரிந்து கயிற்றில் முட்டித் திரும்புகிறது, கயிறு சரியாக இருக்கிறது, சரியாக.

அமைதி. இதுதான் அது. ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு முறை டிக் என்கிறது, அந்த டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை, தீர்மானம் இல்லை, திருத்தம் இல்லை. கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரியும் முழுக்கச் சொந்தமானது மாதிரியும் இருக்கிறது. நாற்பது வருஷம் உயர்த்தின கை. உயர்த்தி உயர்த்தி என்ன வந்தது என்று கேட்கிறவன் இப்போது மண்டைக்குள் இல்லை, போய்விட்டான், கதவைச் சாத்திவிட்டுப் போ. வலது கட்டைவிரலை மட்டும் நான் விட்டுவிடவில்லை, அடிக்கடி ஆட்டிப் பார்க்கிறேன், ஆடுகிறது, நல்ல பிள்ளை, அங்கேதான் போன தடவை குழி வெட்டினார்கள், அங்கே காவல் போட்டிருக்கிறேன். எதிரில் பூவாத்தாள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவள் கண் என் கையின் நிறத்தில் ஒரு தடவை, முகத்தில் ஒரு தடவை, போய் வந்துகொண்டே இருக்கிறது, எழுந்து போகமாட்டாள், கட்டினவள் அறையை விட்டுப் போகக்கூடாது, அதுவும் எங்கள் சட்டம். வெளியே யாரோ பைப்படியில் குடம் வைக்கிற சத்தம். சாம்பார் வாசம் இன்னும் அறையில் இருக்கிறது. கத்தரிக்காய் கொஞ்சம் குழைந்துவிட்டது, சொல்லக்கூடாது. உடம்பு இளகி இளகி இடது பக்கமாக ஒரு நூல் சாய்கிறது, அந்தக் கோணல் தோள் எப்போதும் அப்படித்தான், களைத்தால் முன்னால் விழும், விழட்டும், நல்ல சாய்வு, மாட்டு வண்டியில் தூங்குகிற சாய்வு. எறும்பு. இடது கையில் ஓர் எறும்பு ஊர்கிறது. கட்டைவிரலின் முதுகில். பாயில் எறும்பு வந்துவிட்டதா, சாப்பாடு சிந்தினோமா. எறும்பு இல்லை. எறும்பு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும், இது ஒரே இடத்தில் நின்று குறுகுறுக்கிறது. இடது கை. இடது கையா. இடது கையில் எதுவும் வந்ததில்லையே, அது நல்ல கையல்லவா, போன தடவை அது தப்பித்துக்கொண்டதே. நான் வலது கேட்டில் ஆள் நிறுத்தியிருக்கிறேன், இடது கேட் வழியாகக் கருங்காலிகளை உள்ளே விட்டுவிட்டார்கள். தோள் சாய்ந்தது, கயிறு இறங்கியது, நீலக் கோட்டைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். பார்க்காமலே தெரிகிறது.

சொல். சொல்கிறேன், இரு. குறுகுறுப்புதானே, மரத்துப் போகவில்லையே. கட்டைவிரலைத் தூக்கிப் பார், எழுகிறது, எழுகிறதா, எழுகிற மாதிரி இருக்கிறது. ஃபேன் டிக் என்கிறது. இப்போதுதானே அமைதி வந்தது, ஒரு மாதம் காத்திருந்தது, இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுச் சொன்னால் என்ன, அவள் முகத்தைப் பார், எத்தனை நாளுக்குப் பிறகு அந்த முகம், ராசாவாட்ட என்றாளே, ராசா உடனே அவிழ்த்துவிடு என்று அழுவானா. தோள் நிமிர்த்தினால் கயிறு தானாக மேலே ஏறிவிடும். நிமிர்த்துகிறேன். ஏறவில்லை. காறை எலும்பு வலிக்கிறது. தாங்கு. தாங்கினவன்தானே நீ. தாங்கத் தெரிந்தவன். வைக்கோல் பற்றிக்கொள்கிறது, கேட்டில் நின்று பேசிக்கொள்கிறார்கள், சத்தமே வரலையாமே, சென்னியப்பன்னா சென்னியப்பன்தான். யார் பேசிக்கொள்கிறார்கள்? இங்கே யார் இருக்கிறார்கள்? லத்தி எங்கே இருக்கிறது? எதிரில் இருப்பது பூவாத்தாள், யாரை எதிர்த்து நான் தாங்கிக்கொண்டிருக்கிறேன்? பூவாத்தாளை எதிர்த்தா? எறும்பு விரல் முழுக்கப் பரவுகிறது. அப்போது, எங்கிருந்தோ, ஸ்பின்னிங் ஷெட்டின் இரைச்சல். நூல் பஞ்சு மிதக்கிற காற்று. சரோஜினி என்று ஒரு பெண், கூர்மையான பெண், விரல் மிஷினில் நசுங்கியும் ஷிப்டு முடிகிற வரை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஓட்டினாள், சொன்னால் மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிவிடுவான் என்று. நான் அவளைத் திட்டின திட்டு ஷெட் முழுக்கக் கேட்டது. வலிச்சா நிறுத்து புள்ள, நிறுத்தறதுக்கு எவன் உத்தரவும் வேண்டாம், நிறுத்து! அதற்காகத்தான் அந்தச் சண்டை, கூலி உயர்வுக்கு இல்லை, போனசுக்கு இல்லை, ஒவ்வொரு மிஷினிலும் ஓட்டுகிறவர் கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு சிவப்புப் பொத்தான், யாரையும் கேட்காமல் யாரும் அழுத்தலாம், அழுத்தினவரை ஏன் என்று கேட்கக்கூடாது. மழையில், வெயிலில், கேட்டுக்கு முன்னால் குந்தியிருந்து, பட்டினி கிடந்து வாங்கினோம். மில் போய்விட்டது, சங்கம் போய்விட்டது, பாலப்பன் போய்விட்டான், ஆனால் அதை வாங்கினோம், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது, எத்தனை பேர் விரல் இன்றைக்கும் விரலாக இருக்கிறது. அதை எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தேன். எல்லாருக்கும். எனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. நான் மட்டும் இன்னும் முந்தானையில் சுற்றிக்கொண்டு ஷிப்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாயைத் திற. மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கிற குரல், மூன்றடி தூரத்தில் இருக்கிற ஒருத்திக்குக் கேட்க வைக்க முடியவில்லை. திற.

“அவிழ்.”

சொல்லிவிட்டேன். என் குரலா அது, சின்னக் குரல், ஆனால் வந்துவிட்டது. “எடது கை, கட்டைவெரல், குறுகுறுங்குது” என்று மிச்சத்தையும் சொல்கிறேன், சொல்லி முடிப்பதற்குள் அவள் என் பின்னால் இருக்கிறாள், எப்படி எழுந்தாள் என்று பார்க்கவில்லை. ஒரு கையால் என் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் முடிச்சை இழுக்கிறாள், சாய்ந்த பாரத்தில் முடிச்சு இறுகியிருக்கிறது, ஒரு இழுப்பு, வரவில்லை, இரண்டாவது இழுப்புக்கு அவள் காத்திருக்கவில்லை. கத்தரியின் குளிர்ந்த மழுங்கல் முனை என் தோலுக்கும் கயிற்றுக்கும் நடுவில் நுழைகிறது, கரக், கரக். ஊறவைத்து, உலர்த்தி, பொசுக்கி, தேய்த்துத் தேய்த்துப் பட்டாக்கின கயிறு. கை விடுபட்டுப் பக்கத்தில் விழுகிறது. கொதிக்கிற ரத்தம் இறங்குகிற மாதிரி ஒரு எரிச்சல் முழங்கை வரை. “ஆட்டாதீங்க, பைய, பைய, மடியில வெச்சுக்குங்க. இப்பத் தூக்குங்க.” இடது மணிக்கட்டைத் தூக்குகிறேன். எழுகிறது. கட்டைவிரலைத் தூக்குகிறேன். நிற்கிறது, நேராக, உச்சியில், ஆடாமல், நான் அதைப் பார்க்கிறேன், அவள் அதைப் பார்க்கிறாள். சுண்டுவிரல், நடுவிரல், விரிப்பு, மடிப்பு, பிடி. எல்லாம் ஆஜர். எறும்பு ஒவ்வொன்றாக இறங்கிப் போகிறது. எனக்குள் என்னவோ எழுந்து நிற்கிறது, ஊர்வலம் மாதிரி, மேளம் மாதிரி, அழுகையா என்று பார்த்தால் இல்லை, சிரிப்பு. வாய்விட்டுச் சிரிக்கிறேன். லாக்கப்பிலிருந்து வெளியே வந்தபோது மாலை போட்டார்கள், அப்போதுகூட இப்படி வரவில்லை, அப்போது நான் எதையோ அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன், இப்போது ஒன்றையும் அடக்கவில்லை. என்னை யாரும் தோற்கடிக்கவில்லை, நானும் யாரையும் தோற்கடிக்கவில்லை, ஆனால் ஜெயித்திருக்கிறேன், இதற்கு எந்தப் பிரசுரத்திலும் வார்த்தை இல்லை. நான் ஒரு வார்த்தை சொன்னேன், ஒரு கயிறு அறுந்தது. ஒரு கேள்வி கேட்காமல் அறுந்தது. பாயில் அதன் இரண்டு துண்டு கிடக்கிறது, வெட்டுவாயில் பஞ்சு பிரிந்து பூத்திருக்கிறது. “கயிறு போச்சே அம்மணி” என்கிறேன். “கயிறு கடைல கெடைக்குதுங்” என்று சொல்லி என் இடது புஜத்தை உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்க்கிறாள், நீலக் கோடு அழிந்து அவள் கையெல்லாம் நீலம். கண்ணோரம் ஈரமாக இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “என்னுங் தோழர், மரத்துப் போறக்கு முந்தியே வாயத் தொறந்துட்டீங்க? சங்கத்துல தள்ளி வெச்சுருவாங்களே” என்கிறாள். தள்ளி வைக்கட்டும், நான் புதுச் சங்கம் ஆரம்பிக்கிறேன், ரெண்டே உறுப்பினர். “தலைவர் யாரு?” அதில்தான் பிளவே வரும் என்கிறேன், தோளில் ஒரு அடி அடிக்கிறாள், நல்ல தோளில்.

இன்னும் வெயில் இறங்கவில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் பாயில் கட்டம் கட்டமாக விழுந்திருக்கிறது. மண்டைக்குள் செவி வைத்துக் கேட்கிறேன், பொதுக்குழு திரும்பக் கூடியிருக்குமோ என்று. கூடவில்லை. கயிறு இல்லாமலும் கூடவில்லை. “காபி போடட்டுமா, இல்ல இன்னொரு கயிறு எடுக்கட்டுமா?” என்று கேட்கிறாள், விரல் என் மணிக்கட்டில் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கேட்கிற குரலில் எந்தப் பக்கத்துக்கும் சாய்வு இல்லை, இரண்டும் அவளுக்குச் சம்மதம். கோரிக்கைகள் இருக்கின்றன என்கிறேன். நிமிர்ந்து சம்மணம் போட்டு, மேனேஜர்கள் உட்காருகிற மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டு உட்காருகிறாள். “வைங்க.” புஜத்துப் பக்கம் இன்றைக்குக் கயிறு போகவே கூடாது, இரண்டு கையும் முன்னால், மடியில். “நானே அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன். ஏத்துக்கிட்டாச்சு.” நீ எனக்குப் பின்னால் உட்கார வேண்டும், நான் உன் மேல் சாய்ந்துகொள்வேன், தோள் விழுந்தால் உன்மேல் விழட்டும், கயிற்றின் மேல் விழ வேண்டாம். “கனம் ஜாஸ்திங். செரி, போச்சாது, பரவால்ல, ஏத்துக்கிட்டாச்சு.” மூன்றாவது, நான் அவிழ் என்று சொன்னால் ஏன் என்று கேட்கக்கூடாது. பூவாத்தாள் கையைத் தட்டி நீலத்தை உதறுகிறாள். “அது கோரிக்கையே இல்லீங் தோழர். அது ஏற்கெனவே அமல்ல இருக்குது.”

நான் இரண்டு கையையும் நீட்டுகிறேன்.